தேறிய பின்னும் தொடரும் தேர்வு

கணக்குப் பரீட்சை இன்றைக்கு. ஆண்டு முழுவதும் அந்த வகுப்பின் பக்கமே போகவில்லை என்பது இப்போதுதான் நினைவுக்கு வருகிறது. ஹால் டிக்கெட்டைக் காணோம். தேர்வு அறை எந்த மாடியில் என்று தெரியாமல் வராந்தா வராந்தாவாக ஓடுவதற்குள் மணி அடித்துவிடுகிறது. எப்படியோ உள்ளே போய் உட்கார்ந்தால் பேனா எழுத மறுக்கிறது, அல்லது கையில் இருப்பது வேறு ஏதோ பாடத்தின் கேள்வித்தாள். வியர்த்து விழித்துக்கொள்பவருக்கு வயது ஐம்பதுக்கு மேல். பட்டம் வாங்கி முப்பது ஆண்டுகள் ஆகின்றன. மருத்துவர், வங்கி மேலாளர், பேரன் பேத்தி எடுத்தவர், ஏன், ஆண்டுதோறும் கட்டுக் கட்டாக விடைத்தாள் திருத்தும் ஆசிரியர்கூட இந்தக் கனவைச் சொல்வதுண்டு. இடையில் வாழ்க்கை வைத்த சோதனைகள் பள்ளித் தேர்வைவிடப் பல மடங்கு கனமானவை: வீட்டுக் கடன், அறுவை சிகிச்சை, பிள்ளையின் கல்யாணம், வேலை போய்விடுமோ என்ற அச்சம். அவற்றையெல்லாம் விட்டுவிட்டு, என்றோ எழுதி முடித்த, பெரும்பாலோர் தேறியும்விட்ட ஒரு தேர்வைத் தூக்கம் ஏன் மறுபடி மறுபடி நடத்துகிறது?

யாரோ சில பயந்தாங்கொள்ளிகளின் கனவு என்று இதைத் தள்ளிவிட முடியாது. கனடாவில் டோர் நீல்சன், அந்தோனியோ சாத்ரா முதலியோர் 1,181 பல்கலைக்கழக மாணவர்களிடம் 55 கனவுக் கருக்களைக் கொடுத்து, வாழ்நாளில் ஒருமுறையேனும் வந்தவற்றைக் குறிக்கச் சொன்னார்கள். 2003-இல் வெளியான முடிவுகளில் யாரோ துரத்துவதாக வரும் கனவு முதலிடம் பிடித்தது. பள்ளி, ஆசிரியர், படிப்பு தொடர்பான கனவு சுமார் 67 சதவீதத்தினருக்கு வந்திருந்தது. நேரம் தவறிப் போய்ச் சேரும் கனவு ஏறத்தாழ 60 சதவீதத்தினருக்கும், தேர்வில் தோற்கும் கனவு 45 சதவீதத்தினருக்கும் வந்திருந்தன. அதற்கு வெகுமுன்பே, 1958-இல், அமெரிக்க மாணவர்களையும் ஜப்பானிய மாணவர்களையும் ஒப்பிட்ட ஓர் ஆய்விலும் பள்ளிக் கனவு இரு தரப்பிலும் மிகப் பரவலானவற்றுள் ஒன்றாக இருந்தது. மாணவர்கள் பள்ளியைக் கனவு காண்பதில் என்ன வியப்பு என்று கேட்கலாம். ஆனால் மிஷேல் ஷ்ரெடல் 2010-இல் ஜெர்மனியின் வயதுவந்தோரிடையே கெட்ட கனவுகளைப் பற்றி எடுத்த கணக்கெடுப்பிலும், முக்கியமான ஒன்றுக்குத் தாமதமாகிவிடுவது முதல் ஐந்து கருக்களுக்குள் வந்தது. பரீட்சைக் கனவின் முதுகெலும்பே இந்தத் தாமதம்தான்.

இந்தக் கனவுக்கு வழக்கமாகச் சொல்லப்படும் விளக்கம், பள்ளி நம் மனத்தில் ஆறாத காயத்தை விட்டுச் சென்றிருக்கிறது என்பது. காயம் பழையது, கனவு அதன் வலி என்று இந்த விளக்கம் கருதுகிறது. கிடைத்திருக்கும் சான்றுகளைச் சேர்த்துப் பார்த்தால் வேறொரு முடிவுக்கே வர வேண்டியிருக்கிறது. கனவில் வரும் பள்ளி பழையது. அதிலுள்ள பதற்றம் புதியது. பிறர் நம்மை எடைபோடப் போகிறார்கள், நேரம் குறித்தாகிவிட்டது, நாம் தயாராக இல்லை என்ற உணர்வு இன்றைய வாழ்வில் எங்கிருந்து எழுந்தாலும், அதற்கு உருக்கொடுக்க மூளை எடுத்துக்கொள்ளும் மிகத் தெளிவான காட்சி தேர்வு அறை. ஆகவே இந்தக் கனவின் காரணத்தைத் தேடிப் பின்னோக்கி நாற்பது ஆண்டுகள் போவதைவிட, நிகழும் மாதத்தைத் துழாவுவது பயன் தரும்.

தேர்வுக் கனவைத் தீவிரமாக எடுத்துக்கொண்ட முன்னோடிகளில் ஒருவர் சிக்மண்ட் ஃப்ராய்ட். 1900 என்ற ஆண்டைத் தாங்கி வெளிவந்த கனவு விளக்க நூலில், ஆஸ்திரியப் பள்ளி இறுதித் தேர்வான மாத்துராவில் தோற்பதாகப் படித்தவர்கள் காணும் கனவுக்குத் தனி இடம் கொடுத்தார். பல ஆண்டுகளாக மருத்துவம் பார்ப்பதாகவோ அலுவலகத் தலைவராக இருப்பதாகவோ தூக்கத்திலேயே வாதிட்டாலும் கனவு அதைக் காதில் வாங்குவதில்லை என்பதையும் அவர் கவனித்திருந்தார். அவரது சகாவான வில்ஹெல்ம் ஸ்டெக்கல் ஒரு விந்தையைச் சுட்டிக்காட்டினார்: மாத்துராவில் தேறியவர்களுக்குத்தான் இந்தக் கனவு வருகிறது, தோற்றவர்களுக்கு வருவதே இல்லை. ஃப்ராய்டின் அனுபவமும் இதற்கு ஒத்துவந்தது. தடயவியல் மருத்துவத்தில் அவர் ஒருமுறை தோற்றிருந்தார். அந்தப் பாடம் கனவில் வந்ததே இல்லை. தேறிய தாவரவியல், விலங்கியல், வேதியியல் தேர்வுகளே வந்தன. இதிலிருந்து, நாளை ஏதோ பொறுப்பான காரியம் காத்திருக்கும்போது, ‘அன்றும் இப்படித்தான் நடுங்கினாய், ஒன்றும் ஆகவில்லையே’ என்று கனவு ஆறுதல் சொல்வதாக ஃப்ராய்ட் முடிவுகட்டினார்.

இந்த விளக்கத்தில் கொள்ள வேண்டியதும் தள்ள வேண்டியதும் இருக்கின்றன. மறுநாளின் பொறுப்புக்கும் கனவுக்கும் முடிச்சுப் போட்டது கூர்மையான அவதானிப்பு. தேறியவர்களுக்கு மட்டுமே வரும் என்பது அப்படியல்ல. ஃப்ராய்டும் ஸ்டெக்கலும் யாரிடமிருந்து கனவுகளைக் கேட்டார்கள்? சக மருத்துவர்களிடமும், வசதியான, படித்த வீடுகளிலிருந்து வந்த நோயாளிகளிடமும். மாத்துராவில் தோற்று நின்றுவிட்டவர்கள் அந்த வட்டத்துக்குள் நுழையும் வாய்ப்பு சொற்பம். தேறியவர்களை மட்டுமே சுற்றிலும் வைத்துக்கொண்டு, தேறியவர்களுக்குத்தான் கனவு வருகிறது என்று சொல்வது கணக்கெடுப்பின் அடிப்படைப் பிழை. ஆறுதல் என்ற பகுதியும் நிற்காது. ஆறுதல் சொல்ல வந்த கனவு தேறிய கட்டத்தைக் காட்ட வேண்டும்; இதுவோ தேர்வு முடிவதற்கு முன்பே, பதற்றம் உச்சத்தில் இருக்கும்போதே அறுந்துபோகிறது. விழித்த பிறகு வரும் நிம்மதி விழிப்பின் கொடை. அதைக் கனவின் கணக்கில் எழுதுவதற்கில்லை.

கனவின் உள்ளே நடப்பதைப் புரிந்துகொள்ள ஃப்ராய்டுக்குக் கிட்டாத கருவிகள் நமக்கு உண்டு. 1953-இல் சிகாகோ பல்கலைக்கழகத்தின் யூஜின் அசெரின்ஸ்கியும் நதானியல் கிளைட்மனும், மூடிய இமைகளுக்குள் விழிகள் வேகமாக அசையும் உறக்கக் கட்டத்தை அறிவித்தார்கள். ரெம் உறக்கம் என்று இன்று அழைக்கப்படும் அந்தக் கட்டத்தில் எழுப்பினால் பெரும்பாலோர் துலக்கமான கனவைச் சொல்கிறார்கள். 1990-களில் பெல்ஜியத்தில் பியர் மாக்கே குழுவினரும் பிறரும் அந்நேரத்து மூளையைப் படம் பிடித்தபோது, அச்சம் உள்ளிட்ட உணர்ச்சிகளில் பெரும்பங்கு வகிக்கும் அமிக்டலா பகுதி சுறுசுறுப்பாக இருப்பது தெரிந்தது. திட்டமிடல், சரிபார்த்தல், ‘இது பொருந்தவில்லையே’ என்று தட்டிக்கேட்டல் ஆகியவற்றுக்கு வேண்டிய முன்மூளைப் புறணியின் வெளிப்பக்கப் பகுதிகளோ அடங்கிக் கிடந்தன. டாக்டர் பட்டம் வாங்கியவர் பத்தாம் வகுப்புப் பரீட்சைக்கு ஏன் ஓடுகிறார் என்பதற்கு இதில் பாதி விடை இருக்கிறது. அச்சம் முழு வேகத்தில் இயங்குகிறது. அதைக் கேள்வி கேட்க வேண்டிய பகுதி ஓய்வில் இருக்கிறது. மறு பாதியை, அதாவது அந்த அச்சம் பள்ளியைத் தேர்ந்தெடுக்கும் காரணத்தை, இந்தப் படங்கள் சொல்வதில்லை.

அதற்குக் கனவுகளின் உள்ளடக்கத்தைப் பார்க்க வேண்டும். ராபர்ட் ஸ்டிக்கோல்ட் இடம்பெற்ற ஹார்வர்ட் ஆய்வுக் குழு 29 பேரிடம் இரண்டு வாரங்கள் கனவுக் குறிப்புகளையும் பகல் நிகழ்வுகளையும் எழுதச் சொல்லி ஒப்பிட்டது. 2003-இல் வெளியான அந்த ஆய்வில், 299 கனவுகளில் சுமார் 65 சதவீதம் விழிப்பு வாழ்வின் ஏதோ ஒரு கூறைக் கொண்டிருந்தன. ஆனால் நடந்த நிகழ்ச்சி ஒன்றை, அதே இடம், அதே ஆட்கள், அதே செயல் என அப்படியே திருப்பிக் காட்டிய பகுதி ஒன்றிரண்டு சதவீதத்தைத் தாண்டவில்லை. கனவு நினைவுகளைத் துண்டுகளாக எடுத்து, புதிதாகக் கோக்கிறது. பள்ளிக் கனவுகளும் அவ்வாறே அமைகின்றன. பள்ளிக்கூடம் பழையதாக இருக்கும், பக்கத்து இருக்கையில் இன்றைய அலுவலக நண்பர் இருப்பார்; சீருடை போட்டிருப்போம், தேர்வு முடிந்ததும் மகளை டியூஷனிலிருந்து அழைத்துவர வேண்டுமென்ற கவலையும் இருக்கும். உண்மையில் நடந்த எந்தத் தேர்வின் நினைவும் இப்படி இருக்க முடியாது.

இன்னொரு சான்று இதைவிடச் சுவையானது. பாஸ்டன் நகர மனநல மருத்துவரும் கனவு ஆய்வாளருமான எர்னெஸ்ட் ஹார்ட்மன், வாசித்தல், எழுதுதல், கணக்குப் போடுதல் ஆகிய மூன்றும் கனவில் எவ்வளவு வருகின்றன என்று ஆராய்ந்து 2000-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். கனவுகளை நன்றாக நினைவில் வைத்திருக்கும் சுமார் 240 பேரிடம் கேட்டதில், பத்தில் ஒன்பது பேர் அளவுக்கு, அவை அநேகமாக வருவதே இல்லை என்றார்கள். பகலில் மணிக்கணக்காகப் படிப்பதும் எழுதுவதுமாக இருப்பவர்களும் இதையே சொன்னார்கள். பள்ளிக்கூடம் என்றாலே இந்த மூன்றும்தானே? ஆக, கனவில் வரும் பள்ளியில் பள்ளியின் வேலையே நடப்பதில்லை. சூத்திரம் எழுதி, விடை கண்டுபிடித்து, கோடு போட்டு முடிப்பதாகக் கனவு காண்பவர் அரிது. அறையைத் தேடுவது, மணி அடிப்பது, தாளைப் பார்த்துத் திகைப்பது, மற்றவர்கள் எழுதிக்கொண்டிருப்பதைப் பார்ப்பது, இவையே வருகின்றன. பாடம் முழுதாக உதிர்ந்துபோய், எடைபோடப்படும் சூழ்நிலை மட்டும் எஞ்சியிருக்கிறது. படிப்பைப் பற்றிய கனவு என்று நாம் நினைத்துக்கொண்டிருப்பது, தீர்ப்பைப் பற்றிய கனவு.

ஹார்ட்மனின் மற்றோர் அவதானிப்பும் இங்கே உதவுகிறது. தீ விபத்திலோ வன்முறையிலோ சிக்கித் தப்பியவர்கள், கடலோடு தொடர்பே இல்லாதபோதும், பேரலை ஒன்று தம்மை அடித்துச் செல்வதாகக் கனவு காண்பதை அவர் பலமுறை பதிவு செய்திருக்கிறார். நிகழ்ச்சி வேறு, படம் வேறு; இரண்டையும் இணைப்பது, ‘என்னால் தாங்க முடியாத ஒன்று என்மீது வந்து விழுகிறது’ என்ற உணர்ச்சி. ஓங்கிய உணர்ச்சி ஒன்று தனக்கேற்ற காட்சியைத் தேடிக்கொள்ளும் என்பது அவர் கோட்பாடு. பேரலை பேரச்சத்துக்குப் பொருந்துவதுபோல, தேர்வு அறை எந்த உணர்ச்சிக்குப் பொருந்துகிறது என்பதே நாம் கேட்க வேண்டிய கேள்வி.

விடை எதிர்பாராத இடத்திலிருந்து வருகிறது. 1993-இல் ஜெர்மனியின் ட்ரியர் பல்கலைக்கழகத்தில் கிளெமென்ஸ் கிர்ஷ்பாமும் சகாக்களும், வயதுவந்தவர்களுக்கு ஆய்வகத்திலேயே நம்பகமாக மன அழுத்தத்தை உண்டாக்கும் முறை ஒன்றை வகுத்தார்கள். வந்தவருக்குக் கொஞ்ச நேரம் தயாராக அவகாசம் தருவார்கள். பிறகு, முகத்தில் எந்த உணர்ச்சியும் காட்டாத ஒரு குழுவின் முன் நின்று, ஒரு வேலைக்குத் தான் ஏன் தகுதியானவர் என்று ஐந்து நிமிடம் பேச வேண்டும். அடுத்த ஐந்து நிமிடம் 1022-லிருந்து 13, 13 ஆக மனத்திலேயே கழித்துக்கொண்டு வர வேண்டும். தவறினால் மறுபடி 1022-லிருந்து. மின்னதிர்ச்சி, கொதிநீர், பாம்பு எதுவும் வேண்டியிருக்கவில்லை. கரும்பலகைக்கு முன் மனக்கணக்குச் சொல்லும் பிள்ளையின் நிலைக்கு ஒரு பெரியவரைத் திருப்பி அனுப்பினால் போதும், அழுத்தச் சுரப்பான கார்டிசால் எகிறிவிடுகிறது. இன்றுவரை உலகெங்கும் ஆய்வகங்கள் இந்த முறையைப் பின்பற்றுகின்றன. 2004-இல் சாலி டிக்கர்சனும் மார்கரெட் கெமெனியும் இத்தகைய 208 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். பிறர் எதிர்மறையாக மதிப்பிடக்கூடும் என்ற நிலையும், முடிவு நம் கையில் இல்லை என்ற நிலையும் ஒருசேர இருக்கும்போதுதான் கார்டிசால் மிக அதிகமாக உயர்கிறது, மீண்டு இறங்கவும் அதிக நேரம் எடுக்கிறது என்பது அவர்கள் கண்டது. வேலை கடினமாக இருப்பது மட்டும் அவ்வளவு பாதிப்பதில்லை.

அந்த இரண்டு நிலைகளும் கலப்பில்லாமல் ஒரே இடத்தில் கூடுவது தேர்வு அறையில். அலுவலகத்திலும் நம்மை எடைபோடுகிறார்கள். ஆனால் யார், எப்போது, எந்த அளவுகோலால் என்பது மங்கலாகவே இருக்கும். மாமியார் வீட்டில், சொந்தபந்தங்களுக்கிடையில், வங்கியில், மருத்துவமனையில் என்று தீர்ப்புகள் வந்துகொண்டே இருந்தாலும் அவற்றுக்கு மணியோசை இல்லை, வரிசை எண் இல்லை, மதிப்பெண் பட்டியல் இல்லை. தேர்வுக்கு இவை எல்லாமே உண்டு. கூடவே, அந்த அனுபவம் வாய்க்கும் வயதும் தனித்தன்மை வாய்ந்தது. நடுவயதைக் கடந்தவர்களிடம் வாழ்க்கை நினைவுகளைக் கேட்டால், ஏறத்தாழ 10 முதல் 30 வயதுக்குள் நடந்தவை மற்ற காலத்தவற்றைவிடக் குவிந்து வருகின்றன என்பதை டேவிட் ரூபின் குழுவினர் 1986-இல் காட்டினார்கள். ‘நான் யார்’ என்ற கேள்விக்கு முதல் விடைகள் எழுதப்படும் காலம் அது. பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்புப் பொதுத்தேர்வும், இலங்கையின் சாதாரண தர, உயர்தரத் தேர்வுகளும் துல்லியமாக அந்த வயதில்தான் வந்து நிற்கின்றன. முன்பின் தெரியாதவர்கள் திருத்தி, ஓர் எண்ணைப் போட்டு, அந்த எண்ணை ஊரார் கேட்டு, அதை வைத்து ஒருவரின் வழியே மாறிப்போகும் முதல் அனுபவம் அது.

அப்படியானால் கனவு வரும் காலம் இன்றைய வாழ்வோடு ஒத்துப்போக வேண்டும். மான்ட்ரியலில் ரொனால்ட் பிரவுனும் டான் டோன்டெரியும் 1986-இல் வெளியிட்ட ஆய்வு, திரும்பத் திரும்ப ஒரே கனவு வருபவர்கள் மனநல அளவீடுகளில் பின்தங்கியிருப்பதையும், முன்பு வந்து இப்போது நின்றுபோனவர்கள் நல்ல நிலையில் இருப்பதையும் கண்டது. காரணம் பழைய காயம் மட்டுமே என்றால் கனவு நிற்க வேண்டியதில்லை. காயம் கடந்தகாலத்தில் அப்படியேதான் இருக்கிறது. இன்றைய நெருக்கடி தளர்ந்தால் கனவும் தளரும் என்பதற்கு இந்த முடிவு இசைவாக இருக்கிறது. 2018-இல் நெட்டா வைன்ஸ்டைனும் சகாக்களும் இன்னும் நேரடியாகச் சோதித்தார்கள். தன் விருப்பப்படி நடக்க முடியவில்லை, திறமை போதவில்லை, யாரோடும் ஒட்டவில்லை என்ற உணர்வு மிகுந்தவர்களுக்குத் திரும்ப வரும் கனவுகள் துயரம் தோய்ந்தவையாக இருந்தன. நாட்குறிப்பு எழுதச் சொன்னபோதும், அத்தகைய ஏமாற்றம் கூடியிருந்தவர்களின் கனவுகளில் அச்சமும் தோல்வியும் கூடின. திறமை போதவில்லை என்ற உணர்வுக்கு, ஒரு வரியும் படிக்காமல் எழுதப்போகும் தேர்வைவிடப் பொருத்தமான காட்சி எது?

இதற்கு முதல் எதிர்வாதம் எளிமையானது. பன்னிரண்டு ஆண்டுகளைப் பள்ளியில் கழித்தோம், கனவில் பள்ளி வருகிறது. இதில் விளக்க என்ன இருக்கிறது? பழக்கம் ஒரு காரணம் என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால் பழக்கம் மட்டும் போதாது. பள்ளியில் கழித்ததைவிட இரண்டு மூன்று மடங்கு நேரத்தை வேலையிலும் அடுக்களையிலும் கழித்திருக்கிறோம். பள்ளி நாட்களிலேயே பெரும்பகுதி விளையாட்டும், மதிய உணவும், அரட்டையும், சலிப்புமாகத்தான் கழிந்தது. காலத்தின் நீளம்தான் கனவைத் தீர்மானிக்கிறது என்றால் பெரியவர்களின் பள்ளிக் கனவில் சலிப்பே மிகுந்திருக்க வேண்டும். ஆண்டுக்குச் சில நாட்களே நடக்கும் தேர்வு இவ்வளவு இடத்தை அடைத்துக்கொள்வதற்கு, நேரத்தைத் தாண்டிய காரணம் தேவை. மேடைக் கலைஞர்களை இங்கே நினைத்துப் பார்க்கலாம். வசனம் ஒன்றும் நினைவுக்கு வராமல், ஒத்திகையே பார்க்காத நாடகத்தின் நடுவில் தள்ளிவிடப்படும் கனவு நடிகர்களிடையே அவ்வளவு பரவலானது. அமெரிக்க நாடகாசிரியர் கிறிஸ்டோபர் டுராங் 1981-இல் அதை வைத்து ஒரு நாடகமே எழுதினார். தேர்வு அறைக்குப் பதில் அரங்கம், கண்காணிப்பாளருக்குப் பதில் பார்வையாளர்கள். மற்றபடி குறித்த நேரம், தயாரின்மை, பார்த்துக்கொண்டிருக்கும் கண்கள் எல்லாம் அப்படியே இருக்கின்றன. எடைபோடப்படும் இடம் எதுவோ, அதைக் கனவு எடுத்துக்கொள்கிறது. நம்மில் மிகப் பெரும்பாலோருக்கு அந்த இடம் பள்ளியாக அமைந்துவிட்டது.

இரண்டாவது எதிர்வாதம், கனவுக்குப் பொருளே கிடையாது என்பது. 1977-இல் ஆலன் ஹாப்சனும் ராபர்ட் மெக்கார்லியும், மூளைத்தண்டிலிருந்து கிளம்பும் ஒழுங்கற்ற தூண்டல்களைப் புறணி எப்படியோ கதையாக ஒட்டவைக்க முயல்வதே கனவு என்றார்கள். கனவுப் பலன் புத்தகங்களுக்கு இது நல்ல மருந்து. ஆனால் தற்செயலான தூண்டல்களால் மட்டும், கண்டம் விட்டுக் கண்டம் ஒரே கதை ஏன் வர வேண்டும், ஒரே ஆளுக்கு ஆண்டுக்கணக்கில் ஏன் திரும்ப வேண்டும் என்பதை விளக்க முடியாது. மூளைத்தண்டு நன்றாக இருந்து ரெம் உறக்கமும் இருந்தபோதே, முன்மூளையின் சில பகுதிகள் சேதமுற்ற நோயாளிகள் கனவே காணாமல் போனதை மார்க் சோம்ஸ் பதிவு செய்த பிறகு, அந்தக் கோட்பாடு தன் பழைய வடிவில் நிற்கவில்லை. அமெரிக்க உளவியலாளர் வில்லியம் டோம்ஹாஃப் இங்கே ஒரு பயனுள்ள வேறுபாட்டைச் செய்கிறார்: கனவுக்கு உயிரியல் பயன் ஏதும் இல்லாமலிருக்கலாம், ஆனாலும் கனவு காண்பவரின் கவலைகளை அது வெளிக்காட்டுகிறது என்கிற அளவில் அதற்குப் பொருள் உண்டு. இந்தக் கட்டுரையின் வாதத்துக்கு அவ்வளவே போதும்.

பயன் உண்டு என்று சொல்பவர்களும் இருக்கிறார்கள். மூன்றாவது எதிர்வாதம் அவர்களுடையது. பின்லாந்தின் அந்தி ரெவொன்சுவோ 2000-இல் முன்வைத்த கோட்பாட்டின்படி, ஆபத்தை உறக்கத்தில் ஒத்திகை பார்க்கவே கனவு பரிணமித்தது. பாரிஸில் இசபெல் அர்னுல்ஃப் 2014-இல் வெளியிட்ட ஆய்வு இதற்குத் துணைநிற்பதுபோல் தோன்றுகிறது. மருத்துவப் படிப்புக்கான போட்டித் தேர்வு எழுதியவர்களில் பதிலளித்த 719 பேரில், சுமார் 60 சதவீதத்தினர் முந்தைய இரவே தேர்வைக் கனவு கண்டிருந்தார்கள். அந்தக் கனவுகளில் 78 சதவீதத்தில் ஏதோ ஒரு தடங்கல். பெரும்பாலும் தாமதம், அல்லது விடை மறந்துபோவது. வியப்பு என்னவென்றால், கனவு கண்டவர்கள் தேர்வில் சற்றே மேலாகச் செய்திருந்தார்கள். ஆயினும் அந்தத் தொடர்பு மெலிதானது. தேர்வில் அதிக அக்கறை கொண்டவர் அதிகம் படித்திருப்பார், அதிகம் கனவும் கண்டிருப்பார் என்பதே போதுமான விளக்கமாக இருக்கலாம். ஒத்திகைதான் நோக்கம் என்றால், இனி எந்தத் தேர்வும் எழுதப்போகாத ஐம்பது வயதுக்காரருக்கு அது வீண்வேலை. தனக்கு முக்கியமான தீர்ப்பை மனம் கனவிலும் சுமக்கிறது என்று கொண்டால், மாணவரின் கனவும் பெரியவரின் கனவும் ஒரே விதிக்குள் அடங்கிவிடுகின்றன. மாணவருக்குத் தீர்ப்பும் காட்சியும் ஒன்றே. பெரியவருக்குத் தீர்ப்பு மாறியிருக்கிறது, காட்சி மாறவில்லை.

எல்லாவற்றையும்விட வலுவான எதிர்வாதம் வேறொன்று. எந்த நாளை எடுத்தாலும் யாரோ ஒருவருடைய தீர்ப்புக்கு நாம் காத்திருக்கத்தான் செய்கிறோம். கனவு வந்த மறுநாள் காலை தேடினால் ஒரு காரணம் அகப்படாமல் போகாது. அப்படியானால் பொய்யென்று நிறுவவே முடியாத இந்த வாதத்துக்கும் சோதிடத்துக்கும் என்ன வேறுபாடு? ஒரு தனி மனிதரின் ஒரு தனிக் கனவைப் பொறுத்தவரை இந்தக் குற்றச்சாட்டு நியாயமானது. ‘உன் மேலதிகாரிதான் காரணம்’ என்று எவராலும் நிறுவிக் காட்ட முடியாது. ஆனால் பலரிடையே, பல நாட்களுக்கு எடுக்கப்பட்ட அளவீடுகளுக்கு இது பொருந்தாது. பகல் அனுபவத்தைத் தனியாகவும் கனவைத் தனியாகவும் பதிவுசெய்து பிறகு ஒப்பிடும்போது, பொருத்தம் இல்லாமலும் போயிருக்கலாம். இருக்கிறது என்றே கண்டார்கள். இன்னொரு விதமாகவும் இந்த வாதத்தைச் சோதிக்கலாம். தேர்வே இல்லாத பள்ளியில் படித்தவர்களிடமும் நடுவயதில் பரீட்சைக் கனவு இதே அளவில் இருந்தாலோ, வாழ்வில் தீர்ப்புகளின் அழுத்தம் ஏறி இறங்கியும் கனவு அசையாமல் ஒரே சீராக வந்தாலோ, இங்கே சொன்னது தவறு. தவறாகும் வழி தெளிவாக இருக்கும்வரை அது சோதிடம் ஆகாது.

ஒரு விதிவிலக்கை ஒதுக்கிவைக்க வேண்டும். சிலருக்குப் பள்ளி உண்மையிலேயே கொடுமைக்கூடமாக இருந்திருக்கிறது: அடி, சாதியின் பேரால் அவமதிப்பு, பாலியல் தொல்லை. அவர்களுடைய கனவுகள், குறிப்பிட்ட நிகழ்ச்சியை, குறிப்பிட்ட முகத்தை, ஏறத்தாழ நடந்தபடியே திருப்பிக் கொண்டுவரக்கூடும். பேரதிர்ச்சிக்குப் பின்வரும் கொடுங்கனவுகளின் இயல்பு அது. பொதுவான கனவுகள் நிகழ்ச்சிகளை அப்படியே காட்டுவதில்லை என்ற விதிக்கு அவை வெளியே நிற்கின்றன. அங்கே காயம் பழையதுதான், அதற்கு மருத்துவமும் வேறு. கனவின் முடிவை விழித்திருக்கும்போதே மாற்றி எழுதி, மனத்தில் பழகிப்பார்க்கும் ஒரு சிகிச்சை, பாலியல் வன்முறைக்கு ஆளான பெண்களின் கொடுங்கனவுகளைக் குறைத்ததை பாரி கிராகோவ் 2001-இல் அறிவித்தார். உறக்கத்தையே கலைக்கும் அளவுக்குக் கனவு மிகுந்தால் மனநல மருத்துவரிடம் போவதில் தயக்கம் வேண்டாம். ஹால் டிக்கெட்டைத் தொலைக்கும் சராசரிக் கனவை அந்த வகையோடு சேர்த்து, தனக்கு ஏதோ ஆழமான சிக்கல் இருக்கிறது என்று ஒருவர் கலங்கினால் அதுவும் பிழையே.

இவ்வளவும் சரியென்றால், நடைமுறையில் மாறுவது கேட்கும் கேள்வி. கணக்கு வாத்தியார் அன்று என்ன செய்தார் என்று தோண்டுவதைவிட, இப்போது யாருடைய மதிப்பீட்டுக்குக் காத்திருக்கிறோம், அதில் எது நம் கையில் இல்லை என்று கேட்பது பொருளுள்ளது. விடை சிலசமயம் அற்பமாக இருக்கும்: அடுத்த வாரத்து ஆடிட்டிங், பிள்ளைக்குப் பார்க்கப் போகும் பெண் வீட்டார். சிலசமயம் பெரிதாக இருக்கும். வெளியே எல்லாம் சரியாகப் போய்க்கொண்டிருக்கும்போதே, தகுதியில்லாத இடத்தில் உட்கார்ந்திருக்கிறோம் என்ற உள்ளெண்ணம் அரித்துக்கொண்டிருக்கும். இரண்டையும் வேறுபடுத்தும் வேலை கனவால் ஆகாது. அதை விழித்திருக்கும் மூளைதான் செய்ய வேண்டும்.

தேர்வு நடத்துகிறவர்களும் யோசிக்க வேண்டிய செய்தி இதில் இருக்கிறது. பாடத்திட்டம் மறந்துபோகிறது; எடைபோடப்பட்ட விதம் மறப்பதில்லை. பதினைந்து வயதுப் பிள்ளைக்குத் தேர்வு அறையில் பழகும் உணர்வு, பிற்காலத்தில் அவர் சந்திக்கப்போகும் தீர்ப்புகளுக்கெல்லாம் முன்மாதிரியாகத் தங்கிவிடுகிறது. தமிழ்நாட்டில் 2017-இல் பொதுத்தேர்வு முடிவுகளோடு ரேங்க் பட்டியல் வெளியிடுவதை அரசு நிறுத்தியதையும், தோற்றவர்கள் ஆண்டை இழக்காமல் சில வாரங்களிலேயே துணைத்தேர்வு எழுத வழி இருப்பதையும் இந்தக் கோணத்திலிருந்தும் பார்க்கலாம். முதலாவது பார்க்கும் கண்களைக் குறைக்கிறது. இரண்டாவது, தீர்ப்பு இறுதியானதல்ல என்று கற்பிக்கிறது. கனவில் வரும் தேர்வுக்கு மறுவாய்ப்பு கிடையாது, அதன் திகிலே அதில்தான் இருக்கிறது. உண்மைத் தேர்வுக்கு மறுவாய்ப்பு உண்டு என்பதைச் சட்டத்தில் எழுதினால் மட்டும் போதாது. அதை எழுதும் பிள்ளையும் பெற்றோரும் நம்பும்படி ஒரு சமூகம் நடந்துகொண்டால்தான், அடுத்த தலைமுறையின் தூக்கத்தில் மணி கொஞ்சம் தாமதமாக அடிக்கும்.